ஏழு நொடிக்கான ரசீது

ஆயிரத்து இருநூறு யூரோ என்று தட்டினேன்.
அழித்தேன்.
தொள்ளாயிரம்.
அதுவும் என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது.
ஜன்னலுக்கு வெளியே கிளைபேடா துறைமுகம்.
கிரேன்கள் பெட்டிகளை இறக்கிக்கொண்டிருந்தன.
ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு விலை,
யாரோ எங்கோ வாய் கூசாமல் சொன்ன விலை.

மீன் பதப்படுத்தும் ஆலைக்கு ஒரு படம்.
மேலாளர் வைதோதாஸ் தொலைபேசியில் சொன்னார்:
"ஒன்றரை நிமிடம்தானே, ரிமாந்தே."

தானே.
அந்த ஒரு சொல்லுக்கு
தனியாகக் கட்டணம் போட்டிருக்க வேண்டும்.

நவம்பர் விடியலில்
லென்ஸின் பனிமூச்சு வற்றும்வரை காத்து நின்றதும்
ஹெர்ரிங் வாடை போக மூன்று முறை அலசிய
மைக்கின் மயிர்த்தொப்பியும்
ஒன்று செத்தால் ஒன்றென்று இரட்டையாய் வாங்கிய வன்தட்டும்
கடற்காகம் கொத்திய ட்ரோனும்
அந்த ஒன்றரை நிமிடத்துக்குள்தான் இருக்கின்றன.
என் கழுத்துவலியை எந்த வரியில் எழுதுவது?

பிறகு கொசுறு.
லோகோவைக் கொஞ்சம் பெரிதாக்குங்கள்.
நீலத்தை இன்னும் நீலமாக்குங்கள்.
இசையில் சற்று நம்பிக்கை சேருங்கள்.
நம்பிக்கை கிலோ என்ன விலை என்று
கேட்க வந்த வாயைக் காபியால் அடைத்தேன்.

எனக்கும் கணக்குத் தெரியும்.
வாடகை, சமூகக் காப்பீடு,
ஒரு வேலையும் வராத பிப்ரவரி
எல்லாம் கூட்டி, நாட்களால் வகுத்து
வருகிற எண்ணை ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன்.
அப்புறம் பயம் வரும்.
பத்து சதவீதம் கழிப்பேன்.
யாரும் கேட்காமலே
நான் தரும் தள்ளுபடி அது.

எண்ணூற்று ஐம்பதுக்குப் படிந்தது.
அறுபதாம் நாள் பணம் வந்தது.
"பரவாயில்லை" என்றார் வைதோதாஸ்,
படத்தையா விலையையா, தெரியவில்லை.

மார்ச்சில் ஒருத்தி வந்தாள். ஔஷ்ரினே.
என் வயதுதான் இருக்கும்.
ஈரக் குடையை வாசலோடு விட்டுவிட்டு
"ஆலையில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறாரே
கெஸ்துதிஸ், அவர் என் கணவர்" என்றாள்.
"ஓட்டினாரே" என்று திருத்திக்கொண்டாள்.
"என்னைப் படம் பிடித்தார்கள் என்று
அன்றைக்கு வீட்டில் வந்து சொன்னார்.
படத்தில் ஆளைக் காணோம்."

இருந்தார். நான்தான் வெட்டினேன்.
கேமராவைப் பார்த்துச் சிரித்துவிட்டார் என்று.

ஆறு மணி நேரப் பதிவின் அடியில்
ஏழு நொடி கிடைத்தது.
கையுறையைக் கழற்றுகிறார், கையசைக்கிறார்,
ஏதோ கேட்கிறார்.
குளிர்பதன இயந்திரத்தின் இரைச்சல் அதை விழுங்கியிருந்தது.
இரைச்சலைத் தோல் தோலாய் உரிக்க
ஒரு முழு இரவு ஆனது.
கடைசியில் குரல் வந்தது:
"ஓடிக்கிட்டிருக்கா?"

நான்கு முறை பார்த்தாள்.
கண்ணைத் துடைக்காமல் கேட்டாள்:
"எவ்வளவு?"
என் நாக்கு பழக்கத்தில் சொன்னது, "ஒன்றுமில்லை."

கெட்ட வார்த்தை கேட்டவள்போல் நிமிர்ந்தாள்.
"ஒன்றுமில்லாததையா
எனக்கு எடுத்துத் தந்தீர்கள்?
ரசீது போடுங்கள்."

போட்டேன்.
தேடியது, நான்கு மணி நேரம்.
ஒலி சுத்தம் செய்தது, ஐந்து மணி நேரம்.
மணிக்கு நாற்பது, பயம் கழிக்காத நாற்பது.
முந்நூற்று அறுபது என்று எழுதியபோது
பேனா பிடித்த கை வியர்த்தது.

வரிவரியாக வாசித்தாள்.
ஒரு "தானே" இல்லை.
"இரண்டு தவணையாகத் தரலாமா?"

ஏப்ரல் ஐந்தில் ஒன்று, மே ஐந்தில் ஒன்று.
நினைவூட்ட நேரவில்லை.
இரண்டாவது வந்த அன்று
திருப்பி அனுப்பிவிடலாமா என்று
வங்கிச் செயலியைத் திறந்து வைத்துக்கொண்டு
வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
அனுப்பவில்லை.
அது சரியா என்று இன்றும் தெரியாது.
அந்தப் பணத்தில் மின்கட்டணம் கட்டினேன், அது தெரியும்.

நேற்று மறுபடி வைதோதாஸ்.
"இந்த முறை ஒரு நிமிடம்தானே."
இரண்டு கண்ணும் திறந்தபடி
ஓர் எண்ணைத் தட்டி அனுப்பிவிட்டேன்.

பதில் இன்னும் வரவில்லை.
கிரேன் ஒரு பெட்டியை அந்தரத்தில் நிறுத்திவிட்டு
காற்று அடங்கக் காத்திருக்கிறது.